மோட் மாற மறுக்கும் பிபிசி மைக்ரோ: அறிகுறியைக் கொண்டு பிழையைப் பிடிப்பது

"மோட் மாற்றினேன், திரை போய்விட்டது." பிபிசி மைக்ரோவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான். மோட் என்பது எழுத்தும் படமும் திரையில் எப்படி வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் காட்சி முறை; இந்தப் பழைய கணினியில் 0 முதல் 7 வரை எட்டு இருக்கின்றன. அந்த இயந்திரங்களில் பலவற்றை மூடியைக் கழற்றாமலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழுது சர்க்யூட்டில் இருக்காது. நினைவகத்தை யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் கீழே உள்ள அறிகுறிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேம்பிரிட்ஜின் ஏகான் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட இந்தக் கணினியில் திரைக்கென்று தனி நினைவகம் கிடையாது. மாடல் பி-யில் இருப்பது மொத்தம் 32 கிலோபைட். புரோகிராமும் திரையும் அதற்குள்தான் குடியிருக்க வேண்டும். புரோகிராம் கீழிருந்து மேலே வளர்கிறது. திரை உச்சியிலிருந்து கீழே இறங்கி இடம் பிடிக்கிறது. மோட் 0, 1, 2 ஆகிய மூன்றும் 20 கிலோபைட் எடுத்துக்கொள்ளும். மோட் 3-க்கு 16, மோட் 4, 5-க்கு 10, மோட் 6-க்கு 8. மோட் 7-க்கு ஒரே ஒரு கிலோபைட். காரணம், மோட் 7 எழுத்தின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாக நினைவகத்தில் வைத்திருப்பதில்லை. எழுத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறது. உருவத்தை எஸ்ஏஏ5050 என்ற டெலிடெக்ஸ்ட் சிப் வரைந்து கொடுக்கிறது. 1974 முதல் சீஃபாக்ஸ் என்ற பெயரில் தொலைக்காட்சியில் எழுத்துப் பக்கங்களை ஒளிபரப்பிவந்த பிபிசியின் பெயரைத் தாங்கிய கணினியில் அந்தச் சிப் இருப்பது இயல்புதான்.

வரிக்கு எத்தனை எழுத்து என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மோட் 0, 3 இரண்டிலும் 80. மோட் 1, 4, 6, 7 நான்கிலும் 40. மோட் 2, 5 இரண்டிலும் 20. மோட் 3, 6, 7 மூன்றிலும் 25 வரிகள், மற்றவற்றில் 32.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். இதுவே முதல் அறிகுறிக்கான விடையும் ஆகிறது.

"மிஸ்டேக்" என்று மட்டும் வருகிறது

கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சிறிய எழுத்தில் அடித்த மோட் என்ற சொல்லை, இந்த இயந்திரத்தின் நிரல் மொழியான பிபிசி பேசிக் கட்டளையாக ஏற்காது. ஏதோ ஒரு மாறியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அடுத்து சமக்குறியைத் தேடும். அது கிடைக்காதபோது இந்தப் பிழையைத் தரும். கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டு மறுபடி அடித்தால் போதும்.

"பேட் மோட்" என்று வருகிறது

அதிகமானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஒரே பிழைச் செய்திக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. எது என்று பிரித்தறியாமல் கை வைத்தால் நிலைமை மோசமாகும்.

முதல் காரணம் இடமின்மை. மோட் 7-இல் இருந்தபடி "பிரிண்ட் ஹைமெம்-டாப்" என்று கேளுங்கள். ஹைமெம் என்பது திரையின் அடி எல்லை. டாப் என்பது புரோகிராமின் மேல் எல்லை. இரண்டுக்கும் இடையில்தான் மாறிகளும், பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் அணிகளும் தங்குகின்றன. மோட் 0-க்குப் போனால் ஹைமெம் 31744-இலிருந்து 12288-க்கு இறங்கும். அதாவது 19456 பைட் பறிபோகும். வந்த விடை அதைவிடக் குறைவாக இருந்தால் மோட் 0 கிடைக்கவே கிடைக்காது. கொஞ்சம்தான் அதிகம் என்றால், மாறிகள் அந்த மிச்சத்தையும் தின்றிருக்கக்கூடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரிய அணியை டிம் கட்டளையால் ஒதுக்கிய பிறகு மோட் மாற்றினால் "பேட் மோட்" வரும். மோட்டை முதலில் மாற்றிவிட்டு அணியை ஒதுக்கினால் "டிம் ஸ்பேஸ்" என்ற வேறொரு செய்தி வரும். வரிசையை மாற்றியதும் செய்தி மாறிவிட்டதே, பழையது தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நோய் ஒன்றேதான். தீர்வு, சின்ன மோட்டைத் தேர்ந்தெடுப்பது. 80 எழுத்து வேண்டும், படம் வேண்டாம் என்றால் மோட் 0 எதற்கு? மோட் 3 அதே 80 எழுத்தைத் தந்து 4 கிலோபைட்டை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். 40 எழுத்துக்கு மோட் 6 போதும். எழுத்து மட்டுமே காட்டும் புரோகிராம்களை மோட் 1-இல் எழுதி இடமில்லாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

இரண்டாவது காரணம், மோட் கட்டளை ஒரு ப்ராக்குக்குள்ளோ ஃபங்ஷனுக்குள்ளோ, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் துணை நிரலுக்குள், இருப்பது. ப்ராக் ஒன்றை அழைத்தவுடன், எங்கே திரும்பிவர வேண்டும் என்ற குறிப்பை பேசிக் தன் அடுக்கில் எழுதிவைக்கிறது. அந்த அடுக்கு ஹைமெமுக்கு நேர் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது ஹைமெமை நகர்த்தினால் அடுக்கு அந்தரத்தில் நின்றுவிடும். அதனால்தான் பேசிக் மறுக்கிறது. எத்தனை இடம் காலியாக இருந்தாலும் மறுக்கும். சரியான வழி, மோட் கட்டளையை ப்ராக்கிலிருந்து வெளியே எடுத்து, அழைக்கும் வரிக்கு முன்னால் வைப்பது.

பலர் இதற்குக் குறுக்கு வழியாக "விடியு 22,0" என்று ப்ராக்குக்குள் எழுதுகிறார்கள். 22 என்பது மோட் மாற்றும் குறியீடு, அடுத்த எண் மோட். பிழைச் செய்தி வராது. காரணம், விடியு நேராகத் திரை இயக்கியிடம் பேசுகிறது. பேசிக்குக்குச் சேதியே போவதில்லை. ஹைமெம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் புதிய திரை 12288-இலிருந்து உச்சிவரை உள்ள அத்தனையையும் துடைத்துவிட்டுத்தான் உட்காரும். அடுக்கும் அதோடு அழிந்துபோகும்.

ஒருமுறை ஒரு மதிப்பெண் பட்டியல் புரோகிராமில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். மோட் 7-இல் தொடங்கி, ப்ராக்குக்குள் விடியு 22,0 போட்டிருந்தார்கள். பட்டியல் அழகாக 80 எழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. கீழிருந்து இரண்டாவது வரியில், இடமிருந்து முப்பத்திரண்டு எழுத்து தள்ளி, அதற்கு இடப்புறமாக ஒட்டிக்கொண்டு சில வெள்ளைப் புள்ளிகள் துடித்துக்கொண்டே இருந்தன. கேபிள் கோளாறு என்று நினைத்து வயரை ஆட்டிப் பார்த்தார்கள். கணக்குப் போட்டால் உண்மை தெரியும். 31744-இலிருந்து 12288-ஐக் கழித்தால் 19456. மோட் 0-இல் ஒரு வரிக்கு 640 பைட். முப்பது முழு வரிகள் போக 256 பைட் மிச்சம். ஓர் எழுத்துக்கு 8 பைட் என்றால் அது 32 எழுத்து. அந்தப் புள்ளிகள் துடித்த இடம் பேசிக்கின் அடுக்கு. ஒவ்வொரு கணக்கையும் போடும்போது அது எழுதி அழித்த எண்கள்தான் திரையில் தெரிந்தன. ப்ராக் முடியும் வரி வந்ததும் இயந்திரம் திரும்பிப் போக வழி தெரியாமல் உறைந்தது. உங்கள் திரையிலும் இப்படி ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் துடித்தால், மானிட்டரை விட்டுவிட்டுப் புரோகிராமில் விடியு 22-ஐத் தேடுங்கள்.

எதிர்த்திசையில், மோட் 0-இலிருந்து விடியு 22,7 என்று போவதில் ஆபத்து இல்லை. விடுபட்ட இடம் பேசிக்குக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

1985-இல் வந்த மாடல் பி பிளஸ், 1986-இல் வந்த மாஸ்டர் 128 ஆகியவற்றில் இடப் பிரச்சினைக்கு நேரடி மருந்து இருக்கிறது. மோட் எண்ணோடு 128-ஐக் கூட்டுங்கள். மோட் 128 என்றால் அதே மோட் 0, ஆனால் திரை, அதற்கென்று தனியாக உள்ள நிழல் நினைவகத்துக்குப் போய்விடும். புரோகிராமின் இடம் தப்பிக்கும்.

கேசட்டில் ஓடிய புரோகிராம், டிஸ்க் பொருத்திய இயந்திரத்தில் மோட் மாறாமல் நிற்கிறது

"பிரிண்ட் பேஜ்" என்று கேளுங்கள். புரோகிராம் தொடங்கும் முகவரி தெரியும். கேசட் மட்டும் உள்ள இயந்திரத்தில் அது 3584. ஏகானின் டிஸ்க் அமைப்பு பொருத்தியிருந்தால் 6400. டிஸ்க் அமைப்பு தன் வேலைக்காக நடுவில் 2816 பைட்டை எடுத்துக்கொள்கிறது. மோட் 7-இல் இந்த இழப்பு தெரியாது. மோட் 0, 1, 2 ஆகியவற்றிலோ கேசட் இயந்திரத்தில் 8704 பைட் இருந்த இடத்தில் டிஸ்க் இயந்திரத்தில் 5888 பைட்தான் மிஞ்சும். ஏழு கிலோபைட் புரோகிராம் ஒன்று முன்னதில் ஓடும், பின்னதில் ஓடாது. இதைப் பழுதென்று நினைத்து நினைவகச் சிப்புகளை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

தீர்வு, புரோகிராமை டிஸ்கிலிருந்து ஏற்றிய பிறகு கீழே இறக்குவது. மோட் 7-இல் இருந்துகொண்டு முதலில் "*டேப்" என்று தனி வரியாக அடியுங்கள்; இயந்திரம் டிஸ்கை விட்டு கேசட்டுக்கு மாறும். பிறகு:

ஃபார் ஐ%=0 டு டாப்-பேஜ் ஸ்டெப் 4: ஐ%!3584=ஐ%!பேஜ்: நெக்ஸ்ட்

அடுத்து "பேஜ்=3584", பிறகு "ஓல்ட்", கடைசியாக "ரன்". நான்கு நான்கு பைட்டாக மொத்தப் புரோகிராமும் புது வீட்டுக்கு வந்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: டிஸ்க் அமைப்பின் பணியிடத்தின் மேல்தான் நாம் இப்போது குடியேறியிருக்கிறோம். ஓடும்போது டிஸ்கில் கோப்பைத் திறக்கும் புரோகிராமுக்கு இந்த வழி உதவாது. பிரேக் விசையைத் தட்டினால் பேஜ் மறுபடி 6400-க்குப் போய்விடும்.

மோட் மாறியது, ஆனால் எதுவும் தெரியவில்லை

கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது. பிறகு இந்த வரிசையில் போங்கள். கன்ட்ரோலோடு எஃப்: திரை இயக்கி முடக்கப்பட்டிருந்தால், அதாவது விடியு 21 எங்கோ போயிருந்தால், இது மறுபடி திறந்துவிடும். கன்ட்ரோலோடு டி (T): எழுத்தும் பின்னணியும் ஒரே நிறமாகிவிட்டிருந்தால் நிறங்கள் பழைய நிலைக்கு வரும். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் மோட் 7 என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து ரிட்டர்னைத் தட்டுங்கள்.

பட்டியல் ஓடிக்கொண்டிருந்து ஒரு பக்கம் நிறைந்ததும் நின்றுவிட்டால் அது பக்க முறை. விசைப்பலகையின் லாக் விளக்குகள் எரிவது அடையாளம். ஷிஃப்ட்டை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். வேண்டாமென்றால் கன்ட்ரோலோடு ஓ.

எழுத்துகள் திரையின் ஒரு மூலையில் மட்டும் ஒடுங்கி ஓடினால் யாரோ விடியு 28-ஆல் சன்னல் கட்டியிருக்கிறார்கள். விடியு 26 அதைக் கலைக்கும்.

மோட் 7-இல் எழுத்துகள் வேறாக வருகின்றன

சதுர அடைப்புக்குறியை அடித்தால் அம்புக்குறி வருகிறது, சாய்கோட்டுக்குப் பதில் அரை என்னும் பின்னம் வருகிறது, நெளிகோட்டுக்குப் பதில் வகுத்தல் குறி வருகிறது. விசைப்பலகை கெடவில்லை. எஸ்ஏஏ5050 சிப்பில் இருப்பது டெலிடெக்ஸ்ட் எழுத்து வரிசை. செய்தியும் வானிலையும் காட்ட அம்புக்குறி தேவைப்பட்டது, அடைப்புக்குறி தேவைப்படவில்லை. நினைவகத்தில் உள்ள எண் சரியாகவே இருக்கிறது. சதுர அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் அசெம்பிளர் நிரலை மோட் 7-இல் அடித்துவிட்டு மோட் 6-க்கு மாறிப் பட்டியலிட்டுப் பாருங்கள். அம்புகள் எல்லாம் அடைப்புக்குறியாக நிற்கும்.

நிறம் வரவில்லை என்பதும் இதே இனம். "கலர் 1" என்ற கட்டளை மோட் 7-இல் எதையும் செய்யாது. இங்கே நிறம் என்பது வரியில் ஓர் எழுத்தின் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும் குறியீடு. 129 சிவப்பு, 130 பச்சை, 131 மஞ்சள், 132 நீலம், 133 மெஜந்தா, 134 சயான், 135 வெள்ளை. ஷிஃப்ட்டோடு எஃப்1 விசையை அழுத்தினால் 129 விழும், எஃப்2-க்கு 130, அப்படியே மேலே. அந்தக் குறியீடு இருக்கும் இடம் வெற்றிடமாகத் தெரியும். வரி முடிந்ததும் அதன் வலிமையும் முடிந்துவிடும். அடுத்த வரி மறுபடி வெள்ளையில்தான் தொடங்கும். முதல் வரி சிவப்பாக வந்து மீதி வெள்ளையாக இருக்கிறது என்றால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் குறியீட்டைச் சேருங்கள்.

இரட்டை உயர எழுத்தின் மேல்பாதி மட்டும் தெரிகிறதா? 141 என்ற குறியீட்டோடு அதே வரியை அடுத்தடுத்து இரண்டு முறை அச்சிட வேண்டும். மேல் வரி தலையைக் காட்டும், கீழ் வரி காலைக் காட்டும்.

நினைவக முகவரியில் நேராக எழுதும் புரோகிராம்கள் இன்னொரு குழப்பத்தைத் தரும். 31744-இல் ஒரு எழுத்தை வைத்தால் இடது மேல் மூலையில் தெரிய வேண்டும். திரை ஒருமுறை உருண்டுவிட்டால் அது தெரியாது. நடுவிலோ அடியிலோ வரும். இந்த இயந்திரம் திரையை உருட்டும்போது எழுத்துகளைத் தூக்கி மாற்றுவதில்லை. திரையைக் கட்டுப்படுத்தும் 6845 சிப்பிடம் "இனி இந்த முகவரியிலிருந்து காட்டு" என்று தொடக்கத்தை மட்டும் நகர்த்துகிறது. வேகத்துக்காகச் செய்த அருமையான ஏற்பாடு இது. திரையைத் துடைத்தாலோ மோட் 7 என்று மறுபடி கொடுத்தாலோ தொடக்கம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மோட் 3, 6 இரண்டிலும் வரிகளுக்கிடையே கறுப்புக் கோடுகள்

அமைப்பே அப்படித்தான். ஒவ்வொரு எழுத்து வரிக்கும் பத்துக் கோடுகள். எட்டில் எழுத்து, இரண்டு வெறுமை. பின்னணி நிறத்தை மாற்றினாலும் அந்த இரண்டு கறுப்பாகவே நிற்கும். பின்னணி நிறம் முழுதாக வேண்டுமென்றால் மோட் 4-க்குப் போங்கள்.

திரையின் மேல் வரி தெரியவில்லை, அல்லது படம் நடுங்குகிறது

"*டிவி 255" படத்தை ஒரு வரி கீழே இறக்கும். "*டிவி 0,1" இன்டர்லேஸை (ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறி மாறி வரையும் முறையை) நிறுத்தி நடுக்கத்தைக் குறைக்கும். கட்டளையைக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம், அடுத்த மோட் மாற்றத்தின்போதுதான் அது செயல்படும். கொடுத்தவுடன் ஒரு மோட் கட்டளையையும் கொடுங்கள். மோட் 7-இல் மட்டும் இன்டர்லேஸ் நிற்காது. டெலிடெக்ஸ்ட் எழுத்தின் நேர்த்தியே அதில்தான் இருக்கிறது.

80 எழுத்து மோட்டில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தால், டிவியின் ஆன்டெனா துளைக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு வீடியோ அல்லது ஆர்ஜிபி துளையைப் பயன்படுத்துங்கள். ஆன்டெனா வழியில் மோட் 0 தெளிவாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்றைய விஜிஏ மானிட்டரில் நேராகச் செருகினால் படமே வராது. இந்த இயந்திரம் நொடிக்கு ஏறத்தாழ 15,600 கோடுகளைத்தான் வரைகிறது, விஜிஏ மானிட்டர் அதைப்போல் இருமடங்கை எதிர்பார்க்கிறது. இடையில் ஒரு மாற்றி வேண்டும்.

சில மோட்களில் மட்டும் படம் கெட்டிருக்கிறது

மூடியைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் பழைய வடிகட்டி மின்தேக்கிகள் வயதாகி வெடித்துப் புகையும் பழக்கம் உள்ளவை. பல வருடம் பரணில் கிடந்த இயந்திரம் என்றால் தெரிந்தவரிடம் கொடுத்து அவற்றை மாற்றிய பிறகே மின்சாரம் கொடுங்கள்.

மோட் 7 மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருந்தால் சந்தேகம், பலகையில் ஐசி5 என்று குறித்த இடத்தில் இருக்கும் எஸ்ஏஏ5050-இன் மேல். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சாக்கெட்டிலிருந்து மெதுவாகத் தூக்கி மறுபடி அழுத்தி உட்காரவையுங்கள். கால்களில் படிந்த துரு உரசிப்போய் அதுவே போதுமானதாக இருக்கலாம். மோட் 7 நன்றாக இருந்து மற்றவற்றில் புள்ளிகள் சிதறினால் ஐசி6-இல் உள்ள வீடியோ யுஎல்ஏ, அதாவது படப் புள்ளிகளை வெளியே அனுப்பும் சிப். அது கடுமையாகச் சூடாகும். இயந்திரம் சூடேறிய பிறகுதான் சிதறல் தொடங்குகிறது என்றால் சந்தேகம் உறுதி. தொடர்புகளைச் சுத்தம் செய்து, மேலே உள்ள வெப்பத் தகடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா மோட்களிலும் கோளாறு, அதுவும் ஒரே ஒழுங்கில் என்றால் நினைவகச் சிப். மாடல் பி-யில் பதினாறு சிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பிட்டை மட்டும் சுமப்பவை. ஒன்று கெட்டால் மோட் 0-இல் எட்டுப் புள்ளிக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் ஓடும்; மோட் 7-இல் எழுத்துகள் இடம் மாறும். "ஏ" அடித்தால் "சி", "டி" (D) அடித்தால் "எஃப்", ஆனால் "பி" மட்டும் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 என்பது 67 ஆகியிருக்கிறது, 68 என்பது 70 ஆகியிருக்கிறது, 66 மாறவில்லை. இரண்டின் மதிப்புள்ள பிட் எப்போதும் ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சிப்பை மாற்ற வேண்டும் என்று திரையே சொல்லிவிட்டது.

இயந்திரத்தைப் போட்டதும் "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்று வரவேண்டிய இடத்தில் "16கே" என்று வந்தால், இரண்டாவது எட்டுச் சிப் வரிசை அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. மோட் 0 முதல் 3 வரை கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணம். அசல் மாடல் ஏ-யாக இருந்தாலும் இப்படித்தான் வரும். பின்புறத் தகட்டைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தேடுங்கள்.

போடும்போதே வேறு மோட்டில் எழுகிறது

விசைப்பலகைப் பலகையின் முன்விளிம்பில் எட்டு இணைப்பு இடங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று தொடக்க மோட்டைத் தீர்மானிப்பவை. எதையும் இணைக்காமல் விட்டால் மோட் 7. பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 1984-இல் இந்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாக நம் பள்ளிகளுக்கும் இந்த இயந்திரங்கள் வந்தன. எங்கே இருந்த இயந்திரமானாலும், முன்பு வைத்திருந்தவர் வசதிக்காக அந்த இடங்களில் கம்பி பற்றவைத்திருக்கக்கூடும். எழும் மோட் எண்ணைக் குறித்துக்கொண்டு, விசைப்பலகையைத் தூக்கி எந்த இடத்தில் ஈயம் பளபளக்கிறது என்று பாருங்கள். அந்தக் கம்பியை எடுத்துவிட்டு கன்ட்ரோலோடு பிரேக்கை அழுத்தினால் மோட் 7-இல் எழும்.